நீர்வாழ் உயிர்களும் நரம்பின் நெசவும்

மனிதன் தன்னையறிய விரும்புவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். சிந்தை எங்கே பிறக்கிறது, கையை நீட்டவேண்டுமென்று எண்ணிய மாத்திரத்தில் கை நீளுவது எங்ஙனம், தீயைத் தொட்ட விரல் நாம் நினைக்குமுன்னரே பின்வாங்குவது ஏன் என்னும் வினாக்களை எல்லா நாட்டுப் பெரியோரும் எழுப்பியுள்ளனர். இவற்றிற்கு இன்று கிடைத்துள்ள விடைகளிற் பெரும்பகுதி மனித உடலை ஆராய்ந்து பெறப்பட்டதன்று என்று சொன்னால் நம்மிற் பலர் வியப்புறக்கூடும். தலைப்பிரட்டை, கணவாய், குளத்து நத்தை, விரல் நீளங்கூட இல்லாத சிறுமீன் ஆகிய நீர்வாழ் உயிர்களே நரம்பின் மறைபொருளை ஆராய்ச்சியாளருக்கு வெளியிட்டவை. அவ்வுண்மையை மாணாக்கர் முன் வைத்து, அதனினின்று பிறக்கும் ஒரு வேண்டுகோளையும் நம் கல்லூரியாருக்கு விடுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாகல் நகரில் வாழ்வார்க்கு நெசவைப்பற்றி எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை. சௌராஷ்டிரப் பெருங்குடியினர் தலைமுறை தலைமுறையாகத் தறியில் அமர்ந்த ஊர் இது. நெய்து முடிந்து மடித்து வைத்த சேலையைப் பார்த்து, இதில் ஓர் இழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒருவரைக் கேட்டால் அவர் விடையிறுக்க இயலாது. தறியில் பாவு ஏற்றியபோதே வந்து பார்த்தவருக்கோ ஒவ்வோர் இழையும் தனித்தனியே தெரியும். நரம்பாராய்ச்சியின் வரலாறு இவ்வுவமைக்குள் அடங்கிவிடும் எனலாம்.

1873ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்து மருத்துவர் காமில்லோ கோல்கி, ஓர் ஆஸ்பத்திரியின் சமையலறையை ஆய்வறையாக்கிக்கொண்டு, வெள்ளி உப்பினால் நரம்புத் திசுவைக் கறுப்பேற்றும் முறையொன்றைக் கண்டுபிடித்தார். பல்லாயிரம் நரம்பணுக்களுள் ஒரு சிலவே அம்முறையில் நிறம் ஏற்கும். ஏற்றவையோ தம் கிளைகள் அனைத்தோடும் கருமையாய்த் துலங்கும். ஆயினும் கோல்கி, நரம்பணுக்கள் யாவும் ஒன்றோடொன்று உருகிக் கலந்த ஒரே வலையென்று கருதினார். ஸ்பெயின் தேசத்து ஸாந்தியாகோ ரமோன் இ கஹால் என்பாரோ அதே முறையைக் கையாண்டு, ஒவ்வோர் அணுவும் தனித்தனி உயிரணுவே. அவை ஒன்றையொன்று நெருங்குமேயன்றிக் கலப்பதில்லை என்று நிலைநாட்டினார். ஒரே சாயத்தைக் கையாண்ட இருவர் இரு வேறு முடிவுகளுக்கு வந்த காரணங்களுள் முக்கியமானது, கஹால் முதிர்ந்த மூளையை விட்டுக் கருவின் மூளையையும் இளங்குஞ்சுகளின் மூளையையும் நாடினார் என்பதேயாம். அவர் பார்த்தது மடித்து வைத்த சேலையையன்று. தறியில் ஏறிய பாவினை. 1906ஆம் ஆண்டில் நோபெல் பரிசு இருவர்க்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற மேடையிலும் கோல்கி தம் கொள்கையை விட்டாரில்லை. 1950களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்து, இரு நரம்பணுக்களுக்கிடையே ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐம்பதினாயிரத்தில் ஒரு பங்களவான இடைவெளி இருப்பதைக் காட்டிய பின்னரே வழக்கு முற்றிலும் தீர்ந்தது.

கஹால் கண்டவை உயிர்நீங்கிச் சாயமேற்றிய படலங்களே. உயிரோடு கூடிய நரம்பணு தன் இழையைத் தானே நீட்டுகிறதா, அன்றி இடையிலுள்ள பல அணுக்கள் சேர்ந்து அவ்விழையைக் கட்டுகின்றனவா என்ற ஐயம் அவராலும் அகலவில்லை. அதை அகற்றியது தவளையின் கருவே. 1907ஆம் ஆண்டில் அமெரிக்கர் ராஸ் ஹாரிஸன், தவளைக் கருவிலிருந்து நரம்புக் குழலின் சிறு துணுக்கொன்றை எடுத்து, தவளையின் நிணநீர்த் துளியொன்றில் இட்டு, அத்துளி தொங்குமாறு மெல்லிய கண்ணாடியைக் கவிழ்த்து, விளிம்பை மெழுகால் அடைத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். அத்துணுக்கிலிருந்த நரம்பணுக்கள் இழை விட்டன. இழையின் நுனி கைவிரல்போல் அசைந்து வழி தேடிச் சென்றதை அவர் கண்ணாரக் கண்டார். வேறெந்த அணுவின் துணையுமின்றி இழை வளர்ந்ததாகலின் வினாவிற்கு விடை கிடைத்தது. உடலுக்கு வெளியே திசுக்களை வளர்க்கும் கலை அன்று அத்துளியிலிருந்தே கிளைத்தது. இன்று மருந்து ஆய்வதற்கும் தடுப்பூசி ஆக்குவதற்கும் உலகெங்கும் கையாளப்படும் முறை அதுவேயாம். ஒரு சொட்டு நிணநீர், ஒரு கண்ணாடித் துண்டு, சிறிது மெழுகு, மிகுந்த பொறுமை ஆகியவற்றைக்கொண்டு ஒருவர் சாதித்ததை ஏழைக் கல்லூரிகளில் பயில்வோர் ஆழ்ந்து எண்ணவேண்டும்.

நீர்வாழ் உயிர்களை ஆராய்ச்சியாளர் மீண்டும் மீண்டும் நாடியதற்குக் காரணம் என்ன? பாலூட்டிகளின் கரு தாயின் வயிற்றுள் மறைந்து வளர்கிறது. பறவையின் கரு ஓட்டுக்குள் அடைபட்டுள்ளது. நீர்வாழ் உயிர்களுட் பலவற்றின் முட்டையோ தாயை விட்டு வெளியே, ஒளி ஊடுருவும் பளிங்குபோன்ற உறைக்குள் வளர்கின்றது. அறுவையின்றியே அதன் உள்ளுறுப்புக்கள் தோன்றும் வரிசையைக் காணலாம். மேலும், அவற்றுட் சில நம் வசதிக்கென்றே ஆனவைபோலப் பெரிய நரம்புகளை உடையன. நம் கடற்கரை ஊர்களில் கூடையில் வைத்து விற்கப்படும் ஊசிக் கணவாயின் இனத்தில், ஒரு மில்லிமீட்டர் அளவும் பருக்கும் நரம்பிழை ஒன்று உண்டு. 1936ஆம் ஆண்டில் ஜே. ஸெட். யங் என்பார் அதன் சிறப்பை எடுத்துக் காட்டினார். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற ஆங்கிலேயர் இருவர் அதனுள் மின்கம்பியைச் செலுத்தி, நரம்பின் வழியே செய்தி செல்லும் விதத்தை 1952ஆம் ஆண்டில் கணித முறையால் விளக்கினர்; 1963இல் நோபெல் பரிசும் பெற்றனர். மனித நரம்பிற்கும் பொருந்தும் விதி கணவாயினின்று கிடைத்தது.

இனி, நம் நாட்டினர் சிறப்பாக அறிந்துகொள்ளவேண்டிய ஓர் உயிரைப்பற்றிச் சொல்லுவோம். உடலில் நீலநிறக் கோடுகளை உடைய வரிக்குதிரை மீன் என்னும் சிறுமீன் இந்தியாவிற்கும் அதன் அண்டை நாடுகளுக்கும் உரியது. கங்கையாற்று மீன்களைப்பற்றி 1822ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் பிரான்ஸிஸ் ஹாமில்ட்டன் இதனை முதன்முதல் வருணித்தார். பின்னர் இம்மீன் கண்ணாடித் தொட்டிகளுக்கு அழகு செய்யும் பொருளாய்க் கடல் கடந்தது. அமெரிக்காவில் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைஸிங்கர் என்ற பேராசிரியர், நரம்பின் வளர்ச்சியை ஆராய்வதற்கு ஏற்ற எளிய முதுகெலும்புப் பிராணி எது என்று தேடி, வளர்ப்பு மீன் கடையில் விற்ற இம்மீனையே தெரிந்தெடுத்தார். 1981ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி உலகின் கண்ணை இதன்பால் திருப்பியது. 2013இல் இதன் மரபுத் தொகுதி முழுவதும் வெளியிடப்பட்டபோது, மனித மரபணுக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபதுக்கு ஒப்பான மரபணு இம்மீனிடத்தும் உண்டென்று தெளிவாயிற்று. அவ்வாண்டிலேயே இம்மீன் குஞ்சின் மூளையிலுள்ள சுமார் ஒரு லட்சம் நரம்பணுக்களில் நூற்றுக்கு எண்பதிற்கு மேற்பட்டவற்றின் செயலை, குஞ்சு உயிரோடிருக்கையிலேயே படமாக்கிக் காட்டினர். மனித மூளையிலோ ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் உள.

இம்மீனின் முட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது. கருவுற்ற முக்கால் மணி நேரத்தில் முதலணு இரண்டாகிறது. மூன்று மணியில் அணுக்கள் ஆயிரத்தை எட்டுகின்றன. ஏறத்தாழ எட்டாம் மணியில், மூளையின் பின்பகுதிக்குரிய மௌத்னர் அணுக்கள் என்னும் பெரிய நரம்பணுக்கள், பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு, பிறக்கின்றன. பகை நெருங்கும்போது மீன் இமைப்பொழுதில் உடலை வளைத்துப் பாய்ந்து தப்புவது பெரும்பாலும் இவற்றின் ஏவலால். பதினேழு மணியளவில் கரு தானாகவே நெளியத் தொடங்குகிறது. ஒரு நாள் நிரம்பும்போது இதயம் துடிக்கிறது; உடலைத் தொட்டால் கரு அதை உணர்ந்து அசைகிறது. இரண்டு மூன்று நாளில் குஞ்சு உறையை விட்டு வெளிப்படுகிறது. இக்கால அளவுகள் 28.5 பாகை செல்ஸியஸ் வெப்பத்திற்குரியவை. குளிர் நாடுகளில் இவ்வெப்பத்தைக் காப்பதற்கென்றே பொருள் செலவிடுகின்றனர். திண்டுக்கல் சமவெளியிலோ ஆண்டின் பல மாதங்களில் ஏறக்குறைய இவ்வெப்பம் அறையில் தானே அமைந்துவிடுகிறது.

இத்துணை அரிய காட்சி இந்நாட்டு மீனொன்றால் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, நம் மாணாக்கர் காண்பது என்ன? இதை மனம் விட்டுப் பேசுவது நலம். 2011ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு, விலங்கியல் வகுப்புக்களில் உயிர்களை அறுத்துக் கற்பிக்கும் வழக்கத்தைப் படிப்படியாகக் கைவிடுமாறு நெறிமுறை வகுத்தது. 2014இல் அதனை அறவே நிறுத்துமாறு பணித்தது. அப்பணியை நாம் குறைகூறுகின்றோமில்லை. ஆண்டுதோறும் எண்ணிறந்த தவளைகளைக் கொன்று, ஒரே நரம்பை ஒரே விதமாய் எடுத்துக் காட்டி மதிப்பெண் பெற்றதில் கல்வி சிறிதே, கொலை பெரிதே. ஆனால் கத்தி சென்ற இடத்தில் என்ன வந்தது என்று கேட்கின்றோம். பல இடங்களில் வந்தவை சுவரில் தொங்கும் படமும், கணிப்பொறித் திரையில் ஓடும் சித்திரமும், பலர் கைபட்டு நிறம் மங்கிய பழைய கண்ணாடிப் படலங்களுமே. மாணவன் முந்தின ஆண்டு மாணவனின் செய்முறைக் குறிப்பேட்டைப் பார்த்து வரைகிறான். அவனும் தனக்கு முந்தினவனைப் பார்த்து வரைந்தவனே. மூன்றாண்டு விலங்கியல் பயின்று பட்டம் பெற்று வெளிவரும் ஒருவர், ஓர் இதயம் முதன்முதலில் துடிப்பதை ஒருமுறையேனும் தம் கண்ணால் கண்டிராவிட்டால் அப்பட்டத்தின் பயன் யாது?

கடலோரச் சுற்றுலாவும் முன்போல் இல்லை. பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப்பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927ஆம் ஆண்டில் தனி வெளியீடு கொணர்ந்தது. முதுகெலும்புள்ளவற்றிற்கும் அல்லாதவற்றிற்கும் இடைப்பட்டதாய்ப் பாட நூல்களில் விளங்கும் பலனோகிளாஸஸ் என்னும் புழுவைத் தேடி, தமிழ்நாட்டுக் கல்லூரி மாணாக்கர் அத்தீவிற்குச் சென்றுவந்த காலம் உண்டு. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986ஆம் ஆண்டில் கடல்வாழ் உயிர்த் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அங்கே உயிர்களை வாரிக்கொண்டு வருதல் இனி இயலாது, இயலவும் கூடாது. ஆகவே அறுப்பதும் போயிற்று, சேகரிப்பதும் போயிற்று. எஞ்சியிருப்பது பார்த்தல் ஒன்றே. அதையும் இழப்போமாயின் விலங்கியல் என்பது வெறும் சொற்பட்டியலாய் முடியும்.

திண்டுக்கல் பூட்டுத் தொழிலை எண்ணிப் பாருங்கள். படத்தைப் பார்த்து மாத்திரம் பூட்டுச் செய்யக் கற்றவர் இவ்வூரில் ஒருவருமிலர். பட்டறையில் அமர்ந்து, அரத்தைப் பிடித்து, நெம்பும் சாவியும் பொருந்தும் நுட்பத்தைக் கையும் கண்ணும் அறிந்த பின்னரே ஒருவர் தொழிலாளி எனப்படுவார். இரும்புத் தொழிலுக்கு நாம் விதிக்கும் இப்பயிற்சியை உயிர்நூலுக்கு விதியாதது ஏனோ?

ஆதலின் நம் வேண்டுகோள் இது: நம் கல்லூரியின் ஆய்வறையில் உயிர்க்கரு காணும் மேசை ஒன்று அமைதல் வேண்டும். இதற்கு வேண்டுவன மிகச் சில. கண்ணாடித் தொட்டி இரண்டு. அழகு மீன் கடைகளில் எளிதிற் கிடைக்கும் வரிக்குதிரை மீன்கள் சில. நல்ல நிலையிலுள்ள நுண்ணோக்கி ஒன்று. வரைவதற்குத் தாளும் பென்சிலும். மெலிந்து பொன்னிறமாய் இருப்பது ஆண். வயிறு பருத்து வெள்ளி நிறமாய் இருப்பது பெண். விடியலின் ஒளி பட்டவுடன் இவை முட்டையிடும். ஈன்ற மீன்களே முட்டைகளைத் தின்றுவிடுமாதலால், தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்பினால் முட்டைகள் இடுக்குகளில் விழுந்து தப்பும். காலை வகுப்புத் தொடங்கும்போது முதற்பிளவுகளையும், மறுநாட்காலையில் இதயத் துடிப்பையும் ஒரே மாணவர் குழு பார்த்துவிடலாம். கண்டபின் கருவை மீண்டும் தொட்டியிலேயே வளரவிடவேண்டும். கடையில் வாங்கிய மீனை நம் குளங்களிலோ குடகனாற்றிலோ விடுதல் ஒருபோதும் ஆகாது.

மீன் வாங்கவும் வசதியில்லை என்பார்க்குக் குளத்து நத்தை இருக்கிறது. நீர்ச்செடி இலையின் அடிப்புறத்தில் கூழ்போன்ற பளிங்குப் பையில் முட்டைகளை வரிசையாய் இடும் லிம்னேயா என்னும் நத்தை நம் நாட்டு நன்னீர் நிலைகளில் சாதாரணமாகக் காணப்படுவது. அப்பையோடு கூடிய இலையொன்றை ஒரு கிண்ண நீரில் இட்டு வைத்தால், முட்டைக்குள் கரு ஓயாது சுழல்வதையும், கண்புள்ளி தோன்றுவதையும், ஓடு படிவதையும் ஒன்றிரண்டு வாரங்களுக்குள் முழுமையாய்க் காணலாம். இவ்வினத்து ஐரோப்பிய நத்தையின் நரம்பணுக்களுட் சில, ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்களவு பெரியன. அதனால் நினைவும் பழக்கமும் நரம்பில் எவ்வாறு பதிகின்றன என்பதை ஆராய்வோர் அதனைப் பெரிதும் போற்றுகின்றனர். நாம் காலால் ஒதுக்கிச் செல்லும் நத்தையின் இனம் அது.

இதனை மறுத்துரைப்பார் சிலர் உளர். “நம் கல்லூரியிலுள்ள பழைய நுண்ணோக்கியால் நரம்பணுவைக் காண இயலுமா? உயர்ந்த கருவி இன்றி ஆராய்ச்சி ஏது?” என்பர் ஒரு சாரார். தனி நரம்பணுவின் கிளைகளைச் சாயமின்றி அதிற் காண்பது அரிது என்பது மெய்யே. ஆனால் நரம்புக் குழல் உருவாவதையும், மூளை மூன்று புடைப்பாய் எழுவதையும், கண் குழிவதையும், முதல் அசைவு பிறப்பதையும் காண்பதற்குக் கல்லூரியிலுள்ள நுண்ணோக்கியே போதும். பார்ப்பதற்குப் பழகாத கண்ணுக்குக் கோடி ரூபாய்க் கருவியும் பயன்படாது. “இதனால் வேலை கிடைக்குமா?” என்பர் மற்றொரு சாரார். வீட்டின் நிலையறிந்த மாணவர் கேட்கும் இக்கேள்வியை நாம் எள்ளற்க. இக்காலத்தில் மருந்துகளின் நச்சுத்தன்மையை இம்மீன் கருவில் சோதித்தறியும் ஆய்வகங்கள் நம் நாட்டிலும் உள்ளன. கருவின் பருவங்களைத் தவறாது இனங்கண்டு எழுதத் தெரிந்தவரை அவை விரும்பும் என்பது வெளிப்படை. ஆயினும் அதனினும் மேலான பயன் வேறு. தான் கண்டதை மாத்திரம் எழுதுவது, காணாததைக் கண்டதாய் எழுதாதிருப்பது, ஐயுற்றவிடத்து மீண்டும் பார்ப்பது என்னும் பழக்கம் எத்தொழிலுக்கும் அணியாகும்.

நம்மைச் சூழ்ந்து நடைபெறும் பணிகளை நோக்கினாலும் ஊக்கம் பிறக்கும். நமக்கு அண்மையிலுள்ள மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டி. ஜே. பாண்டியன் மீன்களின் வளர்ச்சியையும் பால் அமைவதையும் ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். வெள்ளாற்று முகத்தில் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் விளங்குகிறது. பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் வத்சலா திருமலை என்ற அம்மையார், வரிக்குதிரை மீன் குஞ்சின் சிறுமூளை நரம்பணுக்கள் உடலசைவை ஆளும் விதத்தை ஆராய்கின்றார். சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம், மனிதக் கருவின் மூளைகளை மென்படலங்களாக்கி, அவற்றுள் 5,132 படலங்களின் உருவங்களை 2024ஆம் ஆண்டில் உலகோர் யாவரும் காண வெளியிட்டது. இத்தகைய இடங்களுக்கு நாளை செல்லவேண்டியவர்கள் பெருநகரத்துப் பிள்ளைகள் மாத்திரமோ? தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த நாகல் நகரத்துப் பெண்ணும், சிறுமலை அடிவாரத்துத் தோட்டக்காரர் மகனும் அங்கே செல்லவேண்டாவோ? இழையை எண்ணிப் பழகிய விரலும், நாற்றுக்கு நாள் எண்ணிக் காத்திருக்கப் பழகிய மனமும் இவ்வாராய்ச்சிக்கு வேண்டிய மூலதனமே. அவர்களிடம் இல்லாதது வாய்ப்பு ஒன்றுதான். அதனைத் தரவேண்டுவது கல்லூரியின் கடன்.

ஆசிரியப் பெருமக்களிடம் நாம் வேண்டுவது, வாரத்தில் ஒரு காலைப்பொழுதை இம்மேசைக்கென ஒதுக்கித் தருக என்பதே. பழைய மாணவர்களிடம் வேண்டுவது, கட்டடத்திற்குக் கொடை தரும் கை ஒரு தொட்டிக்கும் ஒரு நுண்ணோக்கிக்கும் சிறிது நீள்க என்பதே. மாணாக்கரிடம் வேண்டுவது இவ்விரண்டினும் பெரிது. கண்டதை உடனே, நாளும் நாழிகையும் இட்டு, படத்தோடு தமிழிற் குறித்து வையுங்கள்; பிறர் ஏட்டைப் பார்த்து வரையாதீர்கள். அடுத்த ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதியில், நம் ஆய்வறையில் பிறந்த ஒரு மீன் குஞ்சின் முதல் மூன்று நாட்களைப்பற்றி, அதனைத் தம் கண்ணாற் கண்ட மாணவர் ஒருவர் எழுதிய கட்டுரை இடம்பெறுமாயின், இக்கட்டுரை தன் பயனை அடைந்ததாகும்.